எல்.சி. வாங்காமல் தொடாதே

"என்னைத் தொட்டா செத்துப் பூடுவே" என்று, மிரட்டலாக இல்லாமல் உண்மையான அக்கறையோடு, ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்த ஒரே மனிதர் இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில் எங்கள் எல்.சி. அண்ணாத்தைதான். பால்காரரிடம் சொன்னார். பஸ் கண்டக்டரிடம் சொன்னார். திருக்கழுக்குன்றம் மலையடிவாரத்தில் நெற்றியில் விபூதி பூச வந்த பெரியவரிடம் சொன்னார், அவர் தட்டோடு பின்வாங்கிவிட்டார். கட்டிய மனைவியிடம் தினமும் சொன்னார். அந்த அம்மாள் மட்டும், "செத்தா செத்துட்டுப் போறேன், அந்த ரசத்தக் கொஞ்சம் இந்தாண்ட தள்ளு" என்பாராம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ஆஸ்பத்திரி அட்டையில் இருந்தது. நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரக் கம்பங்களில் ஏறி இறங்கி ஓய்வு பெற்ற லைன்மேன் அவர். லைன்மேன்கள் கம்பத்தில் கை வைக்கும் முன் அந்த லைனில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, 'நிறுத்தியாச்சு, ஏறலாம்' என்று ஆபீஸிலிருந்து உத்தரவு வாங்க வேண்டும். அதற்கு லைன் கிளியர், சுருக்கமாக எல்.சி. என்று பெயர். வேலை முடிந்ததும் எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் மறுபடி கரண்ட் விடுவார்கள். இந்த விதியை அண்ணாத்தை தன் உடம்புக்கும் போட்டிருந்தார். பெயர் அப்படித்தான் வந்தது.

காரணம், அவருடைய நெஞ்சில் இருந்த பெட்டி. என் நெஞ்சிலும் ஒன்று இருக்கிறது. இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக. டாக்டர்கள் டீஃபிப்ரிலேட்டர் என்பார்கள். பேஸ்மேக்கர் என்று நினைத்துவிடாதீர்கள். அது சாது, சோம்பிக் கிடக்கும் இதயத்தைத் தட்டிக்கொடுத்து நடக்க வைக்கும். இது முரடு. இதயம் தறிகெட்டு ஓட ஆரம்பித்தால் உள்ளேயே ஒரு ஷாக் அடித்து ஒழுங்குக்குக் கொண்டுவரும். உயிர் காக்கிற சமாசாரம்தான். ஆனால் எப்போது அடிக்குமோ என்கிற பயத்தில் பெட்டிக்காரர்கள் படியேற மாட்டார்கள், நடக்க மாட்டார்கள், பல் தேய்ப்பதைக்கூடப் பதவிசாகச் செய்வார்கள். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்தே மிச்சமிருக்கிற இதயமும் துருப்பிடித்துவிடும். அதற்காகத்தான் ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எங்களைப் போன்றவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு வைத்திருந்தார்கள்.

வகுப்பு என்றேனா, நிஜமாகவே வகுப்புதான். பேரன் பேத்தி எடுத்த ஆட்களெல்லாம் அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம். மார்பில் ஸ்டிக்கர்களை ஒட்டி, ஒயர்களை மாட்டி, டிரெட்மில்லில் நடக்க விட்டு, திரையில் எங்கள் நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பெட்டி எந்த வேகத்தில் விழித்துக்கொள்ளும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு நன்றாகக் கீழேயே எங்களை நிறுத்திவைப்பது அவர் வேலை. "பேசிக்கிட்டே நடக்கிற அளவுக்குத்தான் வேகம் இருக்கணும். மூச்சு வாங்கினா நிறுத்திடணும். மாடிப்படிய ரெண்டு ரெண்டா ஏறக்கூடாது. பஸ்ஸத் துரத்தவே கூடாது" என்று தினமும் ஒப்பிப்பார். நாங்களும் தலையை ஆட்டுவோம்.

அண்ணாத்தை முதல் நாள் வந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. காலில் தடித்த ரப்பர் செருப்பு. ஒரு கையில் பிளாஸ்டிக் ஸ்டூல். தோளில் மடித்துப் போட்ட, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறைகள். சட்டைப் பையில் டெஸ்டர். யாரிடமும் பேசவில்லை. நேராக டிரெட்மில்லிடம் போனார். பிளக்கை உருவிப் பார்த்தார், மாட்டினார், கைப்பிடியில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார், குனிந்து அடியில் ஏதோ தேடினார். மிஸ் ஓடி வந்து, "வாங்கண்ணா, எத்தனை நாளா சொல்லிட்டிருக்கேன், அந்த மூலை ஃபேனையும் பார்த்துடுங்க" என்றார்.

"நா பேஷண்ட்மா."

"அப்ப டிரெட்மில்லுல என்ன பார்க்கறீங்க?"

"எர்த்து சரியா கீதான்னு. என்னாண்ட இருந்து லீக்கானா அது தாங்கணுமில்ல?"

மிஸ் ஸ்டிக்கர் ஒட்டப் போனார். அண்ணாத்தை ஓரடி பின்னால் குதித்தார். "எல்.சி. வாங்காம கைய வைக்காதே பாப்பா!"

எல்.சி. என்றால் என்ன என்று அப்போது விளக்கினார். மிஸ் பொறுமைசாலி. "அங்கிள், பெட்டி ஷாக் அடிச்சாலும் உங்களத் தொடறவங்களுக்கு ஆபத்து ஒண்ணும் கிடையாது. லேசா ஒரு சுருக்குன்னு இருக்கலாம், அவ்வளவுதான். டாக்டரே சொல்லியிருப்பாரே?"

"சொன்னாரு. அவுரு லைன்ல வேல செஞ்சிருக்காரா?"

அதற்கு மேல் வாதம் ஓடவில்லை. கடைசியில் மிஸ்தான் இறங்கி வந்தார். "சரி, எல்.சி. குடுங்க அங்கிள்."

அண்ணாத்தை ஸ்டூலில் உட்கார்ந்து, செருப்புக் காலைத் தரையில் நன்றாக ஊன்றி, கண்ணை மூடி, உள்ளே பெட்டி அமைதியாக இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் கவனித்தார். பிறகு, "குடுத்தாச்சு. சீக்கிரம் முடி" என்றார். மிஸ் பரபரவென்று ஒட்டி முடித்து, "ரிட்டர்ன்" என்று சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பும் இந்தப் பூஜையோடுதான் தொடங்கியது. டாக்டர் ஒருநாள் ஸ்டெதாஸ்கோப்போடு வந்தபோதும் மிஸ் அவர் காதில் கிசுகிசுத்து எல்.சி. கேட்க வைத்தார்.

எங்களில் ஒருவர் கோவளத்து மீன் ஏலக்காரர். பெட்டி வைத்த பிறகு கத்தி ஏலம் விடப் பயந்து, ரகசியம் பேசுவதுபோல் விலை சொல்லி, வியாபாரம் படுத்து, பயிற்சிக்கு வந்தவர். அவருக்கு அண்ணாத்தையைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

"இன்னா எல்.சி.யண்ணே, இன்னிக்கு இன்னா வோல்ட்டு?"

அண்ணாத்தை கோபிக்க மாட்டார். டெஸ்டரை எடுத்துத் தன் முன்கையில் வைத்து, விளக்கு எரிகிறதா என்று பார்த்து, "இப்ப ஒண்ணும் இல்ல. ஆனா நம்பாதே" என்பார். ரோட்டில் டிரான்ஸ்ஃபார்மரைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். "அது பெரிய எடம். நாம சின்ன எடம். கிட்ட போனா பேஜாரு" என்று எனக்கும் புத்தி சொல்வார். ஆஸ்பத்திரி கேன்டீனில் இட்லி வந்தால், பரிமாறும் பெண் தட்டைக் கையில் கொடுக்கக் கூடாது, மேசையில் வைத்துவிட்டு நகர வேண்டும். சில்லறையையும் அப்படித்தான். நாங்கள் சிரித்துச் சிரித்து, சிரிப்பதாலேயே நாடித்துடிப்பு ஏறி, மிஸ்ஸிடம் திட்டு வாங்கியிருக்கிறோம்.

சிரிப்பு நின்றது அவர் மனைவி வந்த அன்றைக்கு.

அண்ணாத்தை டிரெட்மில்லில் நடந்துகொண்டிருந்தார். அந்த அம்மாள் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து என் கையில் திணித்துவிட்டு, முன்பின் அறிமுகமே இல்லாமல் ஆரம்பித்தார்.

"நீங்க பத்திரிகைல எழுதறவராமே. படிச்சவரு சொன்னா கேப்பாருன்னு வந்தேன். வூட்ல இந்தாளு பண்ற கூத்து தாங்கலீங்க. வராண்டால பிளாஸ்டிக் கட்டில் போட்டுகினு தனியா படுக்கறாரு. காலாண்ட மண்டவோட்டு போர்டு, 'அபாயம்'னு. எங்கிருந்து எடுத்தாந்தாரோ. பக்கத்து வூட்டுப் பசங்க பந்து பொறுக்கக்கூட வரமாட்டேங்குது."

"எப்பலேர்ந்தும்மா இப்படி?"

"பொட்டி வச்சு வூட்டுக்கு வந்த புதுசுல, கையப் புடிச்சு வாசப்படி இறக்கினேன். அப்ப ஒரு தரம் உள்ள அடிச்சிச்சு. இவரு துள்ளினாரு. நா பயந்துபோயி கத்திட்டேன். அவ்ளோதான். எனுக்கு ஷாக்கும் அடிக்கல, ஒரு மண்ணும் இல்ல. சொன்னா நம்பமாட்டேன்றாரு."

டிரெட்மில்லில் இருந்து குரல் வந்தது. "அவ பொய் சொல்றா சார். எனுக்காவப் பொய் சொல்றா."

"பாத்தீங்களா?" என்றார் அந்த அம்மாள். கண் கலங்கியிருந்தது. "தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். தாரை வாக்கணும். பொண்ணு கையப் புடிச்சு மாப்ள கைல வச்சு, மேல தண்ணி ஊத்தணும். இவரு மாட்டேன்றாரு. தண்ணியும் கரண்டும் ஆவாதாம். எங்கண்ணன வாக்கச் சொல்றாரு. பொண்ணு, அப்பா கை இல்லாட்டி எனுக்குத் தாரையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு அழுவுது."

"கிளவுஸ் போட்டுகினு வாக்கறேன்னு சொன்னேன் இல்ல?" என்றது டிரெட்மில்.

"போட்டோல எப்பிடிய்யா இருக்கும், சாக்கடை அள்ள வந்த மாதிரி!"

மிஸ் திரையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், துடிப்பு ஏறுது, சண்டையை நிறுத்துங்க" என்றார். அண்ணாத்தை வாயை மூடிக்கொண்டார். மகள் கேளம்பாக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள் என்றும், அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு போய்வந்தவள் இப்போது பஸ்ஸில் போகிறாள் என்றும் அந்த அம்மாள் சொன்னார்.

எனக்கு அண்ணாத்தை மேல் கோபமாக வந்தது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நான் படூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறேன். மனைவி போய்ச் சேர்ந்தாகிவிட்டது. மகன் வேறு நாட்டில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் திரையில் வருகிறான். சமையல்காரம்மா நான் தூங்கும்போதே வந்து போய்விடுகிறார். என்னைத் தொடுகிறவர்கள் எல்லாம் கையுறை போட்டவர்கள். ரத்தம் எடுக்கிறவர், ஸ்டிக்கர் ஒட்டுகிறவர், பிரஷர் பார்க்கிறவர். ஆஸ்பத்திரிக்குப் போகாத வாரங்களில் அதுவும் கிடையாது. இந்த மனிதருக்கோ கையை நீட்டினால் பிடித்துக்கொள்ள வீடு நிறைய ஆட்கள். அவர் ரப்பரைப் போட்டுக்கொண்டு வராண்டாவில் படுத்திருக்கிறார். அன்று நான் அவரிடம் சரியாகப் பேசவில்லை.

மாதம் ஒருமுறை மிஸ் எங்களைக் கோவளம் கடற்கரைக்கு நடக்க அழைத்துப் போவார். காலை வெயில் ஏறும் முன், படகுகள் ஏற்றிவைத்த மணலுக்கு இந்தப் பக்கம், ரோடு ஓரமாக. அந்த மாத நடையில் ஏலக்காரர் மிஸ்ஸோடு முன்னால் போய்விட, நானும் அண்ணாத்தையும் பின்தங்கினோம். அவர் வழக்கம்போல் என்னிடமிருந்து ஒரு கை தள்ளி நடந்தார். ஒரு பழைய கம்பத்தைக் காட்டினார்.

"இந்தக் கடக்கரைக் கம்பம் இருக்குதே, மகா பொல்லாதது சார். உப்புக்காத்து பட்டுப் பட்டு எல்லாம் அரிச்சிடும். எங்க லீக்கேஜ் கீதுன்னே தெரியாது. அங்கதான் எங்கூட்டாளி புடிச்சிகினான்."

"என்ன பிடிச்சாரு?"

"கரண்ட்டு அவனப் புடிச்சிகிச்சு. கம்பத்த இழுத்துக் கட்டுற ஸ்டே கம்பில கை. வுடல. என்னையே பாத்துகினு கீறான். நா இதோ, இவ்ளோ தூரத்துல. புடிச்சவனத் தொடாதேன்னு முத நாளே சொல்லிக் குடுத்துடுவாங்க. தொட்டா ரெண்டு பேரும் போவோம். காஞ்ச மரக்கட்டய எடுத்தாந்து தள்ளணும். கட்டய தேடி ஓட்னேன். எடுத்தாரதுக்குள்ள பூட்டான்."

அவர் நின்று அந்தக் கம்பத்தை அடியிலிருந்து உச்சிவரை பார்த்தார்.

"நா செஞ்சதுதான் சார் ரைட்டு. ஆபீசர் கூட ரைட்டுன்னாரு. தொட்டிருந்தா நானும் இல்ல. ஆனா அவன் கண்ணு கீதே, அது 'கட்டய எடுத்துனு வா'ன்னு கேக்கல. அத்த நெனச்சாதான்." செருப்பால் மணலைக் கொஞ்சம் தள்ளினார். "நானே லைன் ஆயிட்டேன் இப்ப. எம் பொண்ணு அப்படி என்னைப் புடிச்சிகினு நிக்கக்கூடாது சார்."

கோபம் போய்விட்டது. அவர் தோளில் கை வைக்க வேண்டும்போல இருந்தது. எல்.சி. கேட்டால் கொடுப்பார், ஆனால் அந்த நேரத்தில் கேட்கத் தோன்றவில்லை. கையைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

நடை முடிந்து மிஸ் கிளம்பிவிட்டார். ஏலக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். நானும் அண்ணாத்தையும் பஸ் ஸ்டாப்பை நோக்கி வந்தோம். எனக்கு படூர் பஸ், அவருக்கு மாமல்லபுரம் பக்கம். ஸ்டாப்புக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே என் பஸ் வந்து நின்றுவிட்டது. பின்படிக்கட்டில் நின்ற கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் கையை ஆட்டினேன். அவர் என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டே விசிலை ஊதினார்.

அந்த விசில்தான் என்னைக் கெடுத்தது. வயதான காலத்தில் மனிதனுக்கு வீம்பு ஒன்றுதான் தேயாமல் இருக்கிறது. ஓடினேன். பெட்டியையும் மறந்தேன், மிஸ்ஸையும் மறந்தேன். பின்னால் அண்ணாத்தை, "சார், வோணாம்! சார், வுடு பஸ்ஸ!" என்று கத்துவது கேட்டது.

பஸ்ஸின் பின்பக்கம் வரை போயிருப்பேன். நெஞ்சுக்குள் இதயம் ஒரு தினுசாகப் படபடத்தது. ரோடு கோணலாயிற்று. கண் ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. தலையை மட்டும் திருப்பி அண்ணாத்தையைப் பார்த்தேன், கால் மடிந்தது. அப்போது பின்னாலிருந்து இரண்டு கைகள் என்னை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தன. அதற்கு அடுத்த நொடி பெட்டி அடித்தது. குதிரை உள்ளேயிருந்து உதைத்தால் எப்படி இருக்கும், அப்படி. பிடித்த கைகள் விடவில்லை.

கண் தெளிந்தபோது தரையில் அவர் மடியில் கிடந்தேன். முதலில் பார்த்தது அவருடைய ஒற்றைச் செருப்பை. ரொம்ப தூரத்தில் ரோட்டு நடுவில் கிடந்தது. இன்னொன்று அதற்கும் பின்னால். ஓடி வரும்போது உதறியிருக்கிறார். மீன் கூடைகள் சொட்டிச் சொட்டி ஈரமாகிக் கிடந்த மண்ணில் வெறுங்காலோடு உட்கார்ந்து, வெறுங்கையால் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார். லைன்மேன் சட்டப்படி அவர் அங்கேயே கரிக்கட்டையாகியிருக்க வேண்டும்.

"சார்!" என்றார். முகம் வெளுத்திருந்தது. "சார், எனுக்கு ஒண்ணும் ஆவல சார்!"

"எனக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"கைல லேசா எறும்பு ஊர்ன மாதிரி ஒண்ணு. அவ்ளோதான் சார்! தோ, வெரலு ஆடுது பாரு! ஒண்ணுமே ஆவல சார்!"

போக இருந்த உயிர் எனக்கு, ஆனந்தக் கூத்து அவருக்கு. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. மீன் விற்கிற அம்மா ஒருவர் வலிப்பு என்று முடிவுகட்டி என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். அண்ணாத்தை பழைய லைன்மேனாக மாறி, "இரும்ப எடும்மா மொதல்ல! எல்லாம் காத்து வுட்டுத் தள்ளி நில்லுங்கய்யா!" என்று அதட்டினார். அந்த பஸ் கண்டக்டரே இறங்கி வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். பஸ் எனக்காகத்தான் நின்றது, நான்தான் ஏறவில்லை.

ஆட்டோவில் வழியெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, பெட்டியைக் கருவியால் படித்துப் பார்த்து, அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்றார்கள். மிஸ் வந்தார். என்னைப் பார்த்தார், அண்ணாத்தையைப் பார்த்தார், அவருடைய வெறுங்காலைப் பார்த்தார்.

"ரெண்டு பேருமா ஓடினீங்க?"

நாங்கள் வீட்டுப்பாடம் எழுதாத பையன்களைப் போலத் தலையைக் குனிந்துகொண்டோம்.

நர்ஸ் ஊசி போட வந்தபோதும் அண்ணாத்தை என் கையை விடவில்லை. "இந்தக் கை எனக்கு வேணுங்க" என்றார் நர்ஸ். "அந்தக் கைல போடும்மா" என்றார் அண்ணாத்தை. எல்லோரும் போன பிறகும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாத்த, அடிக்கப்போகுதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?" என்றேன்.

"தெரியும். நீ தள்ளாட்னப்பவே தெரியும்."

"தொட்டா செத்துப்போவோம்னு நம்பிக்கிட்டுத்தானே தொட்டீங்க?"

"ஆமா." ஜன்னலைப் பார்த்தார். "கட்டயத் தேட டயம் இல்ல. உங்கண்ணு என்னியப் பாத்துச்சு. அன்னிக்கு அவனத் தொடல, இன்னிக்கு உன்னத் தொட்டேன். அவ்ளோதான் வுடு." அதுவரை 'சார்' என்று கூப்பிட்டவருக்கு, அன்றிலிருந்து நான் 'நீ' ஆகிவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, தனக்குத்தானே சொல்வதுபோல, "அப்ப அவ பொய் சொல்லல" என்றார்.

அன்று மாலை வீட்டில் நடந்ததை அவர் மனைவி எனக்குப் போனில் சொன்னார். வெறுங்காலோடு வந்தாராம். அடுப்பாண்ட நின்றிருந்த மனைவியின் கன்னத்தில் ஒன்றும் பேசாமல் உள்ளங்கையை வைத்தாராம். "மூள கீள கலங்கிப்போச்சோன்னு பயந்துட்டேங்க. இன்னாய்யா ஆச்சு உனுக்குன்னு கேட்டா, 'சும்மா நில்லுடி'ன்றாரு. கொழம்பு தீஞ்சே பூட்ச்சி" என்று சொல்லிச் சிரித்தார், பிறகு அழுதார்.

ஏலக்காரரும் நானும் கல்யாணத்துக்குப் போனோம். நான் மெதுவாகத்தான் போனேன், பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தில். மண்டபத்தில் அண்ணாத்தை பட்டுவேட்டியோடு வாசலில் நின்று, வந்தவர் போனவர் எல்லோருடைய கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். பந்தியில் பரிமாறும் பையன்களைக்கூட விடவில்லை. மண்டவோட்டு போர்டைக் கழற்றி எறிந்துவிட்டதாகவும், பக்கத்து வீட்டுப் பந்துகள் இப்போது தினமும் உள்ளே விழுவதாகவும் சொன்னார். கடனெல்லாம் சேர்த்துத் தீர்ப்பவர்போல் அன்று அவர் தொட்டுத் தொட்டுப் பேசினார்.

தாரை வார்க்கிற நேரம் வந்தது. மாப்பிள்ளை கையை நீட்டினார். மனைவி செம்போடு நின்றார். அண்ணாத்தை வலது கையைப் பாதி நீட்டி நிறுத்திக்கொண்டார். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பயம் ஒரு நாளில் முழுசாகப் போய்விடுமா? ஐயர், "ம், பிடிங்கோ, முகூர்த்தம் போறது" என்று அவசரப்படுத்தினார். பெண் மட்டும் அவசரப்படவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்து, கையை அவருடைய கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினாள்.

"எல்.சி. குடுப்பா."

அண்ணாத்தை தண்ணீரை விட்டு மகளைப் பார்த்தார். "உனுக்கு எதுக்கும்மா எல்.சி.?" என்று சொல்லி, அவரே அவள் கையைப் பிடித்தார். தண்ணீர் விழுந்தது. ஐயருக்கு ஒன்றும் புரியவில்லை, மேளக்காரருக்குக் கண் ஜாடை காட்டினார். பக்கத்தில் ஏலக்காரர், பெட்டியை எல்லாம் மறந்துவிட்டு, ஏலம் போட்ட காலத்துக் குரலில் "அப்படிப் போடு!" என்று கத்தினார். நான் அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

அதற்குப் பிறகு கடற்கரை நடை முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஒவ்வொரு மாதமும் அண்ணாத்தை ஒரு வேலை செய்வார். என் பஸ் வருவது தெரிந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பஸ் வந்து நிற்கும், ஆட்கள் ஏறுவார்கள். கொஞ்சம் எட்டி நடந்தால் நானும் ஏறிவிடலாம். விடமாட்டார். "இன்னா அவசரம் உனுக்கு? படூர்ல யாரு காத்துகினு கீறாங்க? அடுத்த பஸ்ல போ." பஸ் போய்விடும். அவர் பிடியைத் தளர்த்தாமல், மாப்பிள்ளையைப் பற்றி, உப்புக்காற்றைப் பற்றி, மனைவி தினமும் அதே ரசம் வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு மாதமும் ஒரு பஸ்ஸை இப்படித்தான் விட்டோம். படூரில் யாரும் காத்திருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும், அதனால்தான் பிடித்திருக்கிறார் என்பது எனக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசிக்கொண்டதில்லை.

போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி அண்ணாத்தை போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசி நேரத்தில் பெட்டிக்கு வேலை வைக்கவில்லை. ஒரு பக்கம் மனைவியும் மறுபக்கம் மகளும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம்.

நான் இன்னும் மாதம் ஒருமுறை கோவளத்துக்கு நடக்கப் போகிறேன். முடிந்ததும் ஸ்டாப்பில் வந்து நிற்கிறேன். படூர் பஸ் வருகிறது, என் எதிரிலேயே நிற்கிறது, கண்டக்டர்கூட "வரீங்களா பெரியவரே?" என்று கேட்கிறார். முதல் பஸ்ஸில் நான் ஏறுவதில்லை. அது இன்னமும் அண்ணாத்தையின் பஸ்.